தந்தை செல்வா 1952 இல் தோற்றதையும் எழுதுங்கள்

இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவை (எஸ்.ஜே.வி. செல்வநாயகம்) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, பிரதமர் பண்டாரநாயக்காவோடு அவர் செய்த 1957 பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் தொடங்கி, தனித் தமிழீழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிவது அதற்கு முன்னமே.

1948 இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் காங்கேசன்துறை எம்.பி. கொழும்பில் சிவில் வழக்குகளில் பெயரெடுத்த வழக்கறிஞர். வீட்டில் ஒரு குறையும் இல்லை. குடியுரிமை இழந்தவர்களோ தேயிலைத் தோட்டங்களில் இருந்தவர்கள், அவருக்கு வாக்குப் போடப் போகிறவர்களும் அல்ல. (அவரே மலாயாவின் ஈப்போவில் பிறந்து, சிறுவயதில் தெல்லிப்பழைக்கு வந்தவர்.) அவர் இருந்த தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசிலேயே அமைச்சரானார். செல்வா பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். அப்படியும் பேச்சை மாற்றவில்லை. 1956 இல் அதே காங்கேசன்துறை மக்கள் அவரைத் திரும்பவும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கட்டுரையில் இந்த நாலு வருடம் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் மனவருத்தம்.

1972 இல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து எம்.பி. பதவியைத் துறந்தார். இடைத்தேர்தல் வைக்க அரசுக்கு 1975 வரை மனம் வரவில்லை. அப்போது அவருக்கு நடுக்குவாதம் முற்றியிருந்தது. அந்தத் தேர்தல் கூட்டமொன்றுக்குப் போன அப்பா அடிக்கடி சொல்லுவார்: இரண்டு பேர் தாங்கித்தான் மேடையேற்றினார்களாம். குரல் முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு சனமும் எழும்பிப் போகவில்லையாம்.