படிப்பு ஏறாதாம்!

ஆலைப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் மேடையில் பேசிய வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதுங்க, வீட்டுச் சூழல் அப்படி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதுதான். கைதட்டல் வேறு. மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முடியவில்லை.

வீட்டுச் சூழலாம். வீட்டுக்கு வெளியே இருக்கிற சூழலைப் பற்றி ஐயா வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

ஈயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு அதை உறிஞ்சும். கவனம் சிதறும், அறிவுத்திறன் குறையும். போனது திரும்பாது. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கலாம் என்று 2020இல் யுனிசெஃப் அறிக்கையே வந்தது. பழைய பேட்டரியை உடைத்து உருக்குகிற பட்டறை பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருந்தால், பாடத்திட்டத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது? ஏறவில்லை ஏறவில்லை என்கிறீர்களே, ஏறவிடாமல் உள்ளே எது உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா?

"அதே ஊரிலிருந்து டாக்டர் ஆனவர்கள் இல்லையா?" என்று ஒருவர் வருவார். வரட்டும். வெள்ளத்தில் நீந்திக் கரையேறியவனைக் காட்டி, முழுகியவனுக்கு அக்கறை போதாது என்பீர்களா?

"ஆலையை மூடிவிட்டால் பிழைப்பு?" இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூடச் சொல்லவும் இல்லை. லாபம் முதலாளிக்கு, கூலி அப்பாவுக்கு, கழிவு மட்டும் எட்டு வயசுப் பிள்ளைக்கா?

1989இல் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வந்தது. அதில் கல்வி 28ஆவது பிரிவு. சுத்தமான குடிநீரும் சுற்றுச்சூழல் மாசின் ஆபத்தும் 24இலேயே வந்துவிடுகின்றன. நான்கு எண் முன்னால்! நம் கல்வியாளர்கள் 28இலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்கள் போல.

நானும் அப்படி ஒரு ஊரில் இரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவன். காற்று திரும்பினால் நான் சொல்லாமலே பிள்ளைகள் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்கள். சுற்றுச்சூழல் தினத்துக்கு ஓவியப் போட்டி வைப்போம், பரிசு ஆலை உபயம். (சிரிக்காதீர்கள்.) மூன்றாவது பெஞ்சில் ஒருவன் மதியம் ஆனால் தலையைப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்துவிடுவான். ரிப்போர்ட் கார்டில் சிவப்பு மையால் "கவனம் போதாது" என்று எழுதினேன். அவன் அம்மா கைநாட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடிச்சாவது படிக்க வையுங்க சார்" என்றார்.

அடித்தேன்.

மேடையில் சிரித்தவர் அதையாவது செய்யவில்லை.