தாயக்கட்டையை ஒன்பதாம் வகுப்புக்கும் கொடுங்கள்

பிள்ளைகள் எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்பதற்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த கல்வியாண்டிலேயே நான்கு, ஐந்துக்கும் நீட்டினார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆட்டமும் பாட்டும் பாடத்தோடு சேர்ந்தே நடப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனதும் எல்லாம் நின்றுவிடுகிறது. "பெரிய கிளாஸ் வந்தாச்சு, இன்னும் என்ன விளையாட்டு?" என்கிறோம். பல பள்ளிகளில் பி.இ.டி. பீரியடைக்கூட கணக்குக்கு வாங்கிக்கொள்கிறோம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விளையாட்டு அதிகம் தேவைப்படுவதே அதற்குப் பிறகுதான்.

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்கிற கணக்கு, வருகிறது. நாணயம், பகடை என்று சூத்திரத்தைப் போட்டு முடித்துவிடுகிறோம். அந்த இடத்தில் ஒரு ஜோடித் தாயக்கட்டையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் மொத்தம் 16 வகையில் விழலாம். அதில் மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3. தாயம் என்கிற ஒன்றுக்கும் ஐந்துக்கும் தலா 2. ஆறுக்கு ஒன்றே ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று.

இப்போது ஆட்டத்தின் விதியைப் பாருங்கள். எங்கள் பக்கம் 1, 5, 6, 12 விழுந்தால்தான் மறுபடி உருட்டலாம். அரிதாக விழுகிற இந்த நாலு எண்களுக்கும்தான் அந்தச் சலுகை! அடிக்கடி விழுகிற 2, 3, 4க்குக் கிடையாது. திண்ணையில் விளையாடிய நம் பாட்டிகளுக்கு இந்த விதியை வகுத்தவர் யாரோ, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. பிள்ளைகளே இதைக் கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தை எந்தச் சூத்திரமும் எழுப்பாது.

அப்புறம் நூறு தடவை உருட்டி, விழுந்ததைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று சரியாக 25 தடவை பெரும்பாலும் வராது. "ஏன் சார் வரல? கட்டை கோணலா இருக்கா?" என்று கேட்பார்கள். பட்டறி நிகழ்தகவை, அதாவது செய்துபார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கும் நிகழ்தகவை, அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆறாம் வகுப்புக்குப் பல்லாங்குழி போதும். 14 குழி, குழிக்கு ஐந்து முத்து. எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்க்கிற பிள்ளை மனக்கணக்குதான் போடுகிறது.

செல்போனில் கேள்விக்குப் பதில் தட்டினால் நட்சத்திரம் கொட்டுகிற செயலிகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பரீட்சைதான். தாயத்தில் கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை.

போர்ஷன் முடியாது என்பீர்கள். சரி, நியாயமான கவலைதான். நிகழ்தகவுக்கு ஒதுக்கும் பீரியடுகளில் இரண்டை மட்டும் கேட்கிறேன். அந்த இரண்டைத் தரும்படி தலைமையாசிரியர்களையும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். கட்டை வாங்கக் காசில்லை என்றால் சொல்லுங்கள், நம்மில் யாராவது வாங்கித் தரலாம். கட்டம் போடச் சாக்பீஸ் போதும்.