குழுக் கூட்டத்தின் கதவையும் கொஞ்சம் திறந்து விடுங்கள்

எங்கட மட்டக்களப்புப் பக்கத்து உள்ளூராட்சி சபைகளின் மாதாந்தக் கூட்டம் இப்ப முகநூலில் நேரலையாகவே வருகிறது. யார் யாருக்கு ஏசினார், எந்த உறுப்பினர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார் என்பதெல்லாம் அன்று பின்னேரத்துக்குள் துண்டு வீடியோவாக எல்லாருடைய போனுக்கும் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு சபை வெளிப்படையாகத்தான் நடக்கிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் சண்டை நடப்பதுதான் சபையில், முடிவு எடுப்பது குழுவில். சந்தைக் கடையை என்ன வாடகைக்கு யாருக்குக் கொடுப்பது, இந்த வருடம் எந்த வீதிக்குக் கிரவல் எந்த வீதிக்குக் கொங்கிரீட், குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, தெருவிளக்கு எந்த வட்டாரத்துக்கு முதலில் என்ற இந்த விஷயங்கள் எல்லாம் நிதிக் குழுவிலோ வேறொரு குழுவிலோ நாலைந்து பேர் இருந்து பேசி முடித்த பிறகுதான் சபைக்கு வருகின்றன. அங்கே "குழுவின் சிபாரிசு சமர்ப்பிக்கப்படுகிறது" என்று ஒரு வரி வாசிப்பார்கள், கைகள் உயரும், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். நேரலையில் அந்த இடம் அரை நிமிடம்கூட வராது.

எங்கள் ஒழுங்கையின் வடிகானுக்கும் இதுதான் நடந்தது. வடிகான் ஒரு பக்கத்தால் போவதாகச் சொன்னார்கள், கடைசியில் மறுபக்கத்தால் போனது. மாரி மழைக்குத் தண்ணீர் இப்போது யாருடைய வளவில் நிற்கிறது என்று அங்கே வந்து பார்த்தால் தெரியும். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கப் போனால் அலுவலகத்தில் இருந்த ஒரு அண்ணன், "தம்பி, அது உள்ளுக்குப் பேசின விஷயம், நாங்க சொல்லேலாது, தவிசாளரிட்டயே கேளுங்க" என்றார். மறுகா எழுத்தில் கேட்டு வாங்கின கூட்டறிக்கையில் திகதி இருந்தது, சமுகமளித்தோர் பெயர் இருந்தது, அதற்குக் கீழே "வடிகான் தொடர்பாக ஆராயப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வசனம். என்னத்தை ஆராய்ந்தார்கள்? தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்ன சொன்னார்? மாற்றச் சொல்லி யாராவது கடிதம் கொடுத்தார்களா? ஒன்றும் இல்லை. நான் இங்கே ஊழல் என்று சொல்ல வரவில்லை. அந்த மாற்றத்துக்கு நல்ல காரணமே இருந்திருக்கலாம், நிலமட்டம் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் நல்ல காரணம் இருந்தாலும் அதை எழுதி வைக்காவிட்டால், கள்ளக் காரணம் என்று ஊர் கதைப்பதை யாராலும் நிறுத்த முடியாது. அந்தக் கதை கடைசியில் நேர்மையான உறுப்பினரின் தலையிலும்தான் விழும்.

எல்லாவற்றையும் திறந்து வைத்தால் மனம்விட்டுப் பேச முடியாது என்று ஒரு உறுப்பினர் என்னிடம் சொன்னார். பாதி சரி. கேள்விமனுவில் யார் என்ன விலை போட்டார் என்பதை முடிவுக்கு முன்னமே வெளியில் விட முடியாது, ஒரு ஊழியர் மீதான ஒழுக்காற்று விசாரணையை ஊர் பார்க்க நடத்தவும் கூடாது. சரி, அந்த விஷயத்துக்கு மட்டும் கதவைப் பூட்டுங்கள், என்ன காரணத்துக்காகப் பூட்டினோம் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். வடிகானுக்கு என்ன ரகசியம்?

எழுதுவதற்கு ஆள் இல்லை என்கிறார்களே, அதில் எனக்கு உண்மையாகவே இரக்கம் உண்டு. சோலை வரி வேலையையும் பார்த்துக்கொண்டு எல்லாக் குழுவுக்கும் குறிப்பெடுக்கிற ஒரு எழுதுவினைஞரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரை விரிவாக எழுதச் சொல்ல வேண்டியது தவிசாளரும் செயலாளரும்தான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தத்தோடு தகவல் அறிவது அரசியலமைப்பிலேயே உரிமையாகிவிட்டது, அதன் பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உருவாக்கும் எந்தப் பதிவையும் ஆகக் குறைந்தது 12 வருடங்களுக்குப் பாதுகாக்க வேண்டும், மாநகர சபை என்றாலும் பிரதேச சபை என்றாலும் அதுதான் விதி. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதி எடுக்க வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். இல்லை என்றால் மேன்முறையீட்டை விசாரிக்கக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் அதே நிறுவனத்துக்கு இருப்பார், அதற்கும் மேலே கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஒரு வசனக் கூட்டறிக்கையை இந்தச் சட்டத்தால் நீட்ட முடியாது. எழுதாத ஒன்றை எந்த விண்ணப்பம் போட்டும் எடுக்க இயலாதே! அதனால்தான் தகவல் கேட்பதைவிட, பதிவு எழுதுகிற விதத்தைப் பற்றித்தான் நாம் முதலில் சண்டை பிடிக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றை எல்லாரும் மறந்துவிட்டோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 மே 6 தேர்தல் முடிந்து புதிய சபைகள் கூடும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இருக்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் 12 சபைகளிலும் அந்த நேரம் அதிகாரிகள்தான் முடிவெடுத்தார்கள். சந்தைக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது, வீதி வேலைகள் நடந்தன. கூட்டமே இல்லாத அந்தக் காலத்தின் முடிவுகள் எந்தக் கோவையில் இருக்கின்றன? புதிய உறுப்பினர்கள் வந்தவுடன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. அம்பாறைப் பக்க உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், திருக்கோவிலானாலும் கதை ஒன்றுதான்.

பிரதேச சபைச் சட்டத்தில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் குழுக்களில் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரையோ மாதர் சங்கத் தலைவியையோ மீனவர் சங்கத்தில் ஒருவரையோ கூப்பிட்டு இருத்தினால் அந்த அறையின் கதையே மாறும். எத்தனை சபை இதைச் செய்கிறது என்று நீங்களே உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பதிவை வாசிக்கிற உறுப்பினர்கள் என் நண்பர் பட்டியலிலேயே சிலர் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரு பிரேரணை கொண்டு வாருங்கள்: குழுக் கூட்டத்தின் திகதியும் நிகழ்ச்சி நிரலும் முன்கூட்டியே அறிவித்தல் பலகையிலும் முகநூல் பக்கத்திலும் வரவேண்டும், விரும்பினவர் வந்து பின்வரிசையில் இருக்கலாம், முடிவுக்குக் காரணமும் எதிர்த்தவரின் பெயரும் கூட்டறிக்கையில் இருக்க வேண்டும். இதற்குச் சபைக்கு ஒரு சதமும் செலவில்லை. தோற்கடித்தாலும் பரவாயில்லை, யார் யார் எதிர்த்துக் கை உயர்த்தினார்கள் என்பதைப் பெயரோடு எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தின் பிரதியை நான் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.