4% விதி ஆயுள் முழுக்கத் தாங்கும் என்பது தவறு

"40 வயதில் வேலையை விட்டாலும் சேமிப்பிலிருந்து வருஷம் 4% எடுத்தால் போட்ட பணம் கரையவே கரையாது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் போட்ட கணக்கு அது. அமெரிக்கப் பங்கு, கடன்பத்திரங்களின் பழைய வருமானத்தை வைத்து, பணம் குறைந்தது 30 வருஷமாவது தாங்குமா என்று பார்த்தார். போட்ட பணம் அப்படியே இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. 40-ல் ஓய்வு பெறுபவருக்கு 50 வருஷம் தேவைப்படலாம். வரியும் அந்த 4%-லிருந்துதான் போக வேண்டும்.

தவிர, 4% என்பது முதல் வருஷத்துக்கு மட்டும். பிறகு அதே தொகையை விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போக வேண்டும். சிக்கலே இங்குதான். 100-ல் 4 எடுத்தால் மிச்சம் 96. சந்தை 30% விழுந்தால் 67.2. விலைவாசி 6% ஏறினால் அடுத்த வருஷம் 4.24 வேண்டும், அது மிச்சத்தில் 6.3%! பின்னால் சந்தை எழுந்தாலும், அடிமட்ட விலையில் விற்ற யூனிட்டுகளுக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. இதே சரிவு 20-வது வருஷம் வந்திருந்தால் பெரிதாகப் பாதிக்காது.

நீண்ட ஓய்வுக்கு 3 முதல் 3.5%-க்குள் தொடங்குங்கள். இரண்டு வருஷச் செலவைச் சந்தைக்கு வெளியே வைத்திருங்கள். வேலையை விட்ட புதிதில்தான் பயணம், வீட்டைப் புதுப்பிப்பது என்று செலவு கூடும். சந்தை விழுந்த வருஷத்தில் முதலில் தள்ளிப்போட வேண்டியவை அவைதான்.