பாம்பன் பாலத்தில் ரயில் ஓடலாம் என்று சொன்னவர் யார்?

2024 நவம்பர் கடைசி வாரம். ராமேஸ்வரத்தில் சங்குக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன் செய்தான். குரலில் அவ்வளவு கோபம். "அண்ணே, பாலத்தக் கட்டி முடிச்சாச்சு. ரெண்டு வருசமா ரயில் இல்லாம யாவாரம் படுத்துக் கிடக்கு. இப்பப் போயி எவரோ ஒரு ஆபீசர் வந்து அது சரியில்ல இது சரியில்லன்னு எழுதி வச்சுட்டாராம். யாருண்ணே அவரு?"

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. 2022 டிசம்பர் 23-ஆம் தேதியோடு பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. அதற்கப்புறம் ரயிலெல்லாம் பாலத்துக்கு இந்தப் பக்கமுள்ள மண்டபம் ஸ்டேஷனோடு சரி. முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மா, விடிகாலையில் மண்டபத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ராமேஸ்வரம் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான், பாலம் சீக்கிரம் திறக்கட்டும். எனக்கும் அதேதான். ஆனால் அவன் கேட்ட "யாருண்ணே அவரு" என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அதைப் பற்றித் தேடிப் படித்ததையும், படித்தபின் எனக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் ஏ.எம்.சௌத்ரி. அப்போது ரயில்வே பாதுகாப்பு ஆணையர், தெற்கு வட்டம், அலுவலகம் பெங்களூரில். செய்தித்தாளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்: "ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நாளை ஆய்வு, பொதுமக்கள் தண்டவாளத்தை நெருங்க வேண்டாம்." மோட்டார் டிராலியில் ஒரு கூட்டம் போகும், பாலத்துக்குப் பாலம் இறங்கிப் பார்ப்பார்கள், திரும்பும்போது தனி ரயிலை வேகமாக ஓட்டிச் சோதிப்பார்கள். புதுப் பாதையோ, அகலப் பாதையாக மாற்றிய பாதையோ, அவர் நடந்தும் டிராலியிலும் பார்த்து "இதில் மக்களை ஏற்றலாம், இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டலாம்" என்று எழுதிக் கொடுக்காமல் அதில் ஒரு பயணி ரயில்கூடப் போக முடியாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மெட்ரோவுக்குத் தனிச் சட்டம் இருந்தாலும் அங்கேயும் இதே மாதிரி பாதுகாப்பு ஆணையர் சான்று கொடுத்தால்தான் வண்டி ஓடும்.

இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்த செய்தி ஒன்று. இந்த ஆணையர்கள் வேலை பார்க்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. தலைமை ஆணையரின் அலுவலகம் லக்னோவில். ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயிலைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே வாரியத்துக்குக் கீழேதான் வேலை பார்த்தார்கள். ரயிலை ஓட்டுகிறவனே, ஓட்டுவது சரியா என்று சோதிக்கிறவனுக்கும் முதலாளி. இது சரியில்லை, பாதுகாப்பைப் பார்க்கிற அதிகாரி ரயில்வேயிலிருந்து தனித்து இருக்க வேண்டும் என்ற கொள்கை 1935 இந்திய அரசுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. 1939-இல் பசிபிக் என்ற வகை நீராவி எஞ்சின்கள் பற்றி விசாரித்த குழுவும் அதையே வலியுறுத்தியது. 1941-இல் இந்த இன்ஸ்பெக்டர்களை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்து, அப்போது தபாலையும் விமானத்தையும் சேர்த்துக் கவனித்துவந்த துறையில் வைத்தார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட உறவுதான் இன்று விமான அமைச்சகம் வரை வந்திருக்கிறது. 1961-இல் இப்போதைய பெயர் வந்தது.

அதாவது எண்பது வருடத்துக்கு முன்னாலேயே அடிப்படை யோசனை சரியாக இருந்திருக்கிறது. பாதி வழியில் நின்றுபோனதுதான் என் வருத்தம்.

பாம்பனுக்கே வருகிறேன். சௌத்ரி 2024 நவம்பர் 13, 14 தேதிகளில் வந்து பார்த்தார். பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டலாம், கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் தூக்குப் பகுதியில் மட்டும் 50 என்று அனுமதியும் கொடுத்தார். என் தம்பி நினைத்ததுபோல அவர் பாலத்தை மறிக்கவே இல்லை. அனுமதி கொடுத்த அதே கையோடு, பாலம் திட்டமிட்ட காலத்திலிருந்தே நடந்த குறைகளையும் எழுதினார். இந்தத் தூக்குப் பகுதி ரயில்வேயின் ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் வழக்கமான வடிவமைப்புக்குள் வருவதில்லை. அப்படிப்பட்ட கர்டருக்கு (பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரத்துக்கு) ரயில்வே வாரியத்தின் சொந்த உத்தரவுப்படி அமைக்க வேண்டிய தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைக்கப்படவில்லை. உப்புக் காற்றில் துரு பிடிப்பதைத் தடுக்கச் செய்திருக்கும் ஏற்பாடு பற்றியும் கேள்வி எழுப்பினார். பாம்பன் கடல்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

ரயில்வே தரப்பின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். வடிவமைத்தது அனுபவமுள்ள வெளிநாட்டு நிறுவனம், அதை ஐ.ஐ.டி. நிபுணர்கள் சரிபார்த்தார்கள், ஆகவே பாலம் பாதுகாப்பானது என்றார்கள். இருக்கலாம். நான் பொறியாளன் இல்லை, பாலம் பலவீனமானது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பிரதமர் திறந்து வைத்தார், ரயில் ஓடுகிறது, என் அம்மாவும் அதில் போய்வந்தார்.

என் கேள்வி வேறு. ஆணையர் அந்தக் குறைகளை எழுதியதும் என்ன நடந்தது? ரயில்வே வாரியம் ஐந்து பேர் குழு ஒன்றை அமைத்தது. யார் மேல் குறை சொல்லப்பட்டதோ அவர்களே அதைப் பார்க்கக் குழு போடுகிறார்கள். அந்தக் குழு யாருக்குப் பதில் சொல்லும்? வாரியத்துக்குத்தான். ஆணையருக்கோ, நாடாளுமன்றத்துக்கோ, அந்தப் பாலத்தில் போகும் நமக்கோ நேரடியாக இல்லை.

சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஆணையர் எந்த ரயில் நிலையத்துக்குள்ளும் எந்த வண்டிக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம், எந்த ஊழியரையும் எழுத்து மூலம் அழைத்து விசாரிக்கலாம், எந்த ஆவணத்தையும் கேட்டு வாங்கலாம். திறக்கும் நாளில் அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பாதை ஆபத்தானது என்று நாளைக்குக் கண்டுபிடித்தால் அதை மூடும் அதிகாரத்தைச் சட்டம் மத்திய அரசுக்குத்தான் கொடுத்திருக்கிறது, அவர் அறிக்கைதான் தரலாம். விபத்துக்குப் பின் விசாரித்து அவர் சொல்லும் பரிந்துரையை ரயில்வே செய்யாவிட்டால் யாருக்கும் அபராதம் போட முடியாது, யார்மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது. மறுபடி எழுதலாம், அவ்வளவுதான்.

அப்படி எழுதியும் நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒடிசாவின் பாலசோர் ரயில் விபத்து இருக்கிறது. 2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். பஹானகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல், ஆனால் தண்டவாளத்தைப் பிரிக்கும் பாயிண்ட் மட்டும் பக்கவாட்டு லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, பக்கத்துப் பாதையில் வந்த பெங்களூரு-ஹவுரா ரயிலும் சேர்ந்து சிதறி, 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ராத்திரி சென்ட்ரல் ஸ்டேஷன் உதவி மையத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை டி.வி.யில் பார்த்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதை விசாரித்ததும் இதே சௌத்ரிதான், அப்போது அவர் தென்கிழக்கு வட்டத்தின் ஆணையர். ரயில்வே கேட்டில் செய்த வேலையின்போதும் அதற்கு முன்பும் சிக்னல் வயரிங்கில் நடந்த தவறு, பல மட்டங்களில் கவனிக்காமல் விட்டது என்று அவர் அறிக்கை சொன்னது. அதைவிட நெஞ்சை உறுத்துவது இன்னொரு வரி. 2022 மே 16-ஆம் தேதி, அதே காரக்பூர் கோட்டத்தில் பாங்க்ரா நயாபாஸ் நிலையத்தில் இதே மாதிரி தவறான வயரிங்கால் ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அப்போதே அதைச் சரியாக ஆராய்ந்து மற்ற இடங்களிலும் திருத்தியிருந்தால் பாலசோர் நடந்திருக்காது என்று எழுதியிருக்கிறார். ஒரு வருடத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. அதைக் கேட்டு "எல்லா நிலையத்திலும் பார்த்துவிட்டு எனக்குப் பதில் சொல்" என்று கட்டளையிட வெளியே ஒருவரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆணையரிடம் ஊழியர்கள் கொடுக்கும் வாக்குமூலத்தை அவர்களுக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. ரொம்ப அருமையான ஏற்பாடு அது. பயமில்லாமல் உண்மையைச் சொன்னால்தானே அடுத்த விபத்தைத் தடுக்க முடியும். ஆனால் பாலசோரில் ஆணையர் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சில நாட்களில் சி.பி.ஐ. வந்துவிட்டது. ஜூலையில் மூன்று ஊழியர்கள் கைதானார்கள். குற்றம் செய்தவர் தண்டிக்கப்பட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு அறையில் ஆணையர் "தைரியமாகச் சொல்லுங்க" என்கிறார், அடுத்த அறையில் சி.பி.ஐ. உட்கார்ந்திருக்கிறது என்றால், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு டெக்னீசியன் என்ன சொல்வார்? வாயைத் திறப்பாரா?

சரி, நியமனம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று ஒன்று நமக்குத் தெரியும், கரண்ட் பில் ஏறும்போதெல்லாம் அதைத் திட்டுவோம். அதன் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும், பதவிக்காலம் ஐந்து ஆண்டு, எந்தக் காரணத்துக்காக எப்படி நீக்கலாம் என்பதுவரை 2003 மின்சாரச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் எத்தனை குறை இருந்தாலும் சட்டத்தில் அந்த வேலி இருக்கிறது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரைப் பற்றி 1989 சட்டத்தின் 5-ஆவது பிரிவில் இருப்பது ஒரே வாக்கியம். மத்திய அரசு ஒருவரைத் தலைமை ஆணையராகவும், தேவைப்படும் மற்றவர்களை ஆணையர்களாகவும் நியமிக்கலாம். அவ்வளவுதான். தேர்வுக் குழு பற்றியோ பதவிக்காலம் பற்றியோ நீக்கும் முறை பற்றியோ அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது. யூனிட்டுக்கு எத்தனை பைசா என்று சொல்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ஆயிரக்கணக்கான பேர் ஏறும் ரயில் பாலத்துக்குக் கையெழுத்துப் போடுபவருக்கு இல்லை.

இந்த ஆணையர்கள் ரயில்வே பணியிலிருந்தே வருகிறவர்கள். அதில் தப்பில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தண்டவாளத்தையும் சிக்னலையும் முப்பது வருடம் பார்த்தவருக்குத் தெரிவது வெளியாளுக்குத் தெரியாது. வரட்டும். ஆனால் வந்தபின் திரும்பிப் போகும் கதவு மூடப்பட வேண்டும். நாளைக்கு மறுபடி அதே துறையில் பதவி உயர்வு, இடமாற்றம் என்று நிற்க வேண்டியிருந்தால் இன்று எழுதும் பேனா கொஞ்சம் தயங்கும், மனித இயல்பு அது. அப்படியும் தயங்காமல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு பாம்பன் அறிக்கையே சாட்சி. ஒரு அமைப்பு அந்த ஒருவரின் மனத்துணிவை மட்டும் நம்பி நடக்கக் கூடாது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. விதியை எழுதுவதும், ரயிலை ஓட்டுவதும், மேற்பார்வை செய்வதும் ஒரே ரயில்வே வாரியம் என்ற நிலை மாற வேண்டும், இப்போதிருக்கும் ஆணையம் போலில்லாமல் சட்ட அதிகாரமுள்ள தனி ரயில்வே பாதுகாப்பு அமைப்பு வேண்டும் என்றது. அதற்கப்புறம் எத்தனை பட்ஜெட் வந்தது, எத்தனை வந்தே பாரத் கொடியசைத்தாகிவிட்டது. இங்கிலாந்தில் 1999-இல் லாட்புரோக் குரோவ் விபத்தில் 31 பேர் இறந்தபின் நடந்த விசாரணையின் பரிந்துரைப்படி 2005-இல் தனி விபத்து ஆய்வு அமைப்பே தொடங்கிவிட்டார்கள். அதன் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். நம் ஊரில் பாலசோர் அறிக்கையை நாம் முதலில் தெரிந்துகொண்டது செய்தியாளர்கள் கையில் கிடைத்த பகுதிகளிலிருந்து.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டான், "இப்படி அதிகாரத்தைக் குடுத்தா ஒவ்வொரு பாலமும் பத்து வருசம் இழுக்காதாண்ணே?" நியாயமான பயம்தான். ஆனால் பாம்பனில் அவர் கேட்டது கடைசி நாளில் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, வரைபடம் போடும்போதே கேட்டிருக்க வேண்டியது. அன்றைக்கே அவரை உள்ளே விட்டிருந்தால் கடைசியில் இழுபறி வந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் 1964-ஐ இன்னும் பேசுவார்கள். டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடி பாசஞ்சர், புயல், அலை, வண்டியோடு போன நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். இன்று பாம்பனில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடக் கூடாது என்று விதி இருக்கிறது, காற்றை அளக்கக் கருவி இருக்கிறது. அந்த மாதிரி ஒரு விதியோடு யாரும் பேரம் பேசுவதில்லை. ஆணையர் எழுதும் வரிக்கும் அந்த மதிப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். எழுதிய அன்றே அறிக்கை பொதுவெளிக்கு வர வேண்டும், ரயில்வே இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

போன மாதம் அம்மாவோடு ராமேஸ்வரம் போனேன். பாலம் வந்ததும் வழக்கம்போல எல்லோரும் ஜன்னல் பக்கம் ஓடினார்கள், சில்லறைக் காசு கடலில் விழுந்தது, அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். தூக்குப் பகுதி நெருங்கும்போது வண்டி வேகம் குறைந்தது. "ஏம்ப்பா மெதுவாப் போகுது?" என்றார் அம்மா. பெங்களூரில் இருக்கும் ஒரு அதிகாரி இங்கே ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார் என்று சொன்னேன்.