ஒரு கூட்டு, ஒரு பொரியல்

என் அப்பாவின் கருமாதிச் சாப்பாட்டு இலையைப் பிடித்துப் போட்ட அந்தப் படத்தைப் பற்றி இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நானும் ஒருமுறை பகிர்ந்து என் அப்பாவின் காரியத்தை மறுபடி சந்திக்கு இழுக்கப் போவதில்லை. மூன்று நாளாக வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பெயர்களை என் மகள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். அதில் ஏழு பேர் அன்றைக்கு எங்கள் பந்தலில் உட்கார்ந்து ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்கள்.

"லட்சாதிபதி வீட்டுக் கருமாதி. ஒரு கூட்டு, ஒரு பொரியல்." இதுதான் வாசகம். இலையைப் படம் பிடித்து, பக்கத்தில் அழுகிற பொம்மை வேறு.

முதலில் ஒரு திருத்தம். பொரியல் இரண்டு. பீன்ஸ் தெரிகிறது, வாழைக்காய் அப்பளத்துக்கு அடியில் இருந்தது. படம் எடுத்த தம்பி அப்பளத்தைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மன்னார்குடியில் மண்டபம் பிடித்து, அறுநூறு இலை போட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் கட்டி, பத்திரிகை அடித்துக் காரியம் செய்ய எவ்வளவு ஆகும் என்று எனக்கும் தெரியும். விசாரிக்காமல் இல்லை. எதைச் சுருக்கினாலும் இரண்டரை லட்சத்துக்குக் கீழே வரவில்லை. எங்களிடம் இருப்பது ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். இந்தச் சம்பாவில் 40 கிலோ மூட்டையாக 108 சிப்பம் நெல் கண்டது. சன்ன ரகத்துக்கு 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், அப்படியானால் 40 கிலோ சிப்பத்துக்கு 1,018. மொத்தம் 1,09,944. உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுப்பு மிஷின் வாடகை எல்லாம் போக 58,000 கழித்தால் மிச்சம் 51,944. பள்ளிக்கூடத்தில் கணக்கெழுதிப் பிழைக்கிறவன் நான், அதனால் இப்படித்தான் சொல்ல வரும். ஆகமொத்தம், அப்பா கிட்டத்தட்ட ஐந்து சம்பா சேற்றில் நின்று மிச்சம் பிடிப்பதை ஒரே மத்தியானத்தில் இலையில் வைத்து மடித்துவிட வேண்டும். யாருக்காக?

இதைத்தான் கேட்கிறேன். யாருக்காக அந்தச் செலவு? அப்பாவுக்கா? அப்பா போய்விட்டார். எங்களுக்கா? அந்தப் பதினாறு நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்புறம் யாருக்கு?

கையில் இருந்தது சீட்டுப் பணம் ஒன்றரை லட்சமும் இந்த நெல்லுக் காசும். அப்பா பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 68,000 நின்றது. தவணைக்குள் கட்டினால் அதற்கு வட்டி கிடையாது, தவணை தாண்டினால்தான் தலைவலி. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி நகைக்கடனில் இருந்தது, அதை மீட்க 94,000. இரண்டையும் முடித்தேன். வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு 120 பேருக்குச் சாப்பாடு போட்டதில் 31,000 ஆனது. அப்பாவுக்குக் கடன் என்றால் ஆகாது. சங்கத்திலிருந்து நோட்டீஸ் வருவதற்கு முந்தின வாரமே போய் நின்றுவிடுகிற மனுஷன். அவர் பெயரில் நின்ற கடனை அவர் காரியத்துக்குள் தீர்த்தேன். இதைவிடப் பெரிய காரியம் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

படம் போட்ட தம்பியின் அப்பா எனக்கு மாமா முறை. மூன்றாம் நாளே என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய்த் தோளில் கை போட்டார். "பணத்துக்கு யோசிக்காத மாப்ள. ரெண்டு லட்சம் நான் வாங்கித் தர்றேன். மூணு வட்டிதான். அத்தானுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறோம்?" மூன்று வட்டி என்றால் இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000. என் சம்பளம் 21,000. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது, மாமாவுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. வேண்டாம் மாமா என்றேன். அன்றைக்கு முகம் மாறியது. உருமாத் தலைப்பாகை கட்டும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல்தான் துண்டைச் சுற்றினார். படம் எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். 1996ல் அக்கா கல்யாணம். அன்றைக்கு எங்களுக்கு ஒன்பது மா. மாப்பிள்ளை வீட்டார் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, நல்லவர்கள். கேட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். "மூத்த பொண்ணு, இதுல போய்க் கணக்குப் பாக்கலாமா", "நாதஸ்வரம் நல்ல செட்டா இருக்கணும்", "ரெண்டு நேரமும் பந்தி சிறக்கணும்". சிறந்தது. பந்தி அவ்வளவு சிறந்ததில் பாமணி ஆற்றங்கரையோரம் இருந்த மூன்று மாவை விற்றார்கள். அந்த நிலத்தைத் தாண்டித்தான் மற்ற வயலுக்குப் போகணும், வேறு வழி கிடையாது. நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போவேன். அந்த வரப்பு வந்ததும் அப்பா தலையை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். கோடையில் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு மிதிப்பார். மதகு தாண்டின பிறகுதான் தலை நேராகும். கிட்டத்தட்ட முப்பது வருஷம் இப்படித்தான்.

அவர் கணக்கு நோட்டுகளைப் பதினோராம் நாள் பரணிலிருந்து எடுத்தோம். ரப்பர் பேண்டு போட்ட கட்டு, பேண்டு இழுத்தவுடன் பொடிந்துவிட்டது. பஞ்சர் 3.00, வெற்றிலை 1.50 என்று எல்லாம் இருக்கும். 1996 வைகாசியில் கல்யாணச் செலவு நான்கு பக்கம். பூசணிக்காய் எத்தனை, விறகு எத்தனை வண்டி, எல்லாம். கடைசியில் மொத்தம் போட்டு, அதற்குக் கீழே "3 மா" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கல்யாணத்தில் என்ன பாயசம் போட்டார்கள் என்று இன்றைக்கு யாராவது சொல்ல முடியுமா? நோட்டு என் கையில் இருக்கிறது, எனக்குத் தெரியும். சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம். மாமாவும் அன்றைக்கு முதல் பந்தி.

இப்போது சிலர் வருவார்கள், அப்படியானால் உன் அப்பாவும் கஞ்சன் என்று. அவசரப்படாதீர்கள். 2012லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12ல் குறுவைக்குத் தண்ணீர் விட மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிருந்தது. அதற்கு நடுவில் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கொல்லையில் நின்ற பதினொரு தென்னையையும் சாய்த்துவிட்டுப் போனது. அந்த வருஷங்களில் தீபாவளிக்கு அவர் தனக்கு ஒரு வேட்டி எடுத்து நான் பார்க்கவில்லை. ஆனால் நடவுக்கு வருகிற ஏழு பேருக்கும் சேலை வாங்கிவிடுவார். ஏழு பேருக்கும் ஒரே நிறம் வந்துவிடக் கூடாது என்று மன்னார்குடி ஜவுளிக்கடையில் அரை நாள் உட்கார்ந்து கடைக்காரர் பொறுமையைச் சோதிப்பார். நல்ல விதை நெல் என்றால் விலை பேசவே மாட்டார். நெல் போட்டுப் பணம் வந்த அன்றைக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு டிகிரி காபி, கூடவே இரண்டு நெய் ரோஸ்ட், அதிலும் கணக்குப் பார்க்க மாட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளந்துதான் போட்டார், ஆனால் எந்த ஆற்றில் என்பதை அவரே முடிவு செய்தார், 1996 வைகாசியைத் தவிர. இதுதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. காசைச் செலவழிக்காதே என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. என் காசு போகிற பக்கமும் என் மனசு போகிற பக்கமும் ஒன்றாக இருக்கணும், அவ்வளவுதான். நடுவில் ஊர் வந்து வாய்க்காலை வெட்டி அது பக்கம் திருப்பிக்கொண்டு போகக் கூடாது.

"ஊருக்காகவும் கொஞ்சம் வாழணும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். வாழ்கிறேன் அண்ணே. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கிறார்களே, அதை நான் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ, வாங்கினதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யணும். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவன் இருக்கிறான், பிள்ளையைப் படிக்க வைத்தவன் இருக்கிறான். பிளக்ஸில் என்ன திரும்பி வரும்? பத்து நாள் கழித்து ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், சரி, அது ஒரு உபயோகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது போன் விவகாரம். "28,000 ரூபாய்க்குத் தவணையில் போன் வாங்கத் தெரியுது, பெத்தவனுக்குச் செய்யத் தெரியல" என்று எழுதியவருக்கு என் பதில்: ஆமாம், வாங்கினேன். பள்ளிக்கூட வேலை பாதி அதில்தான் ஓடுகிறது. மீதிப் பாதி நேரம் அதில் என்ன ஓடுகிறது என்று கேட்காதீர்கள். அது வேறு, இது வேறு. நான் என்ன முற்றும் துறந்த முனிவரா? அந்தத் தவணை ஏழு மாதத்தில் முடிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாம் செலவு செய்தால்தானே சமையல்காரர், பூக்காரர், பந்தல்காரர், மேளக்காரர் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நியாயம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்களுக்குப் பந்தல் போட்டவருக்குப் பேசினதைவிட ஐந்நூறு கூடக் கொடுத்தேன், அது பதில் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் உங்களில் ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அம்மாவைக் கேட்டாயா?

கேட்கவில்லை. கடனைத் தீர்ப்பதுதான் சரி என்று நானே முடிவு செய்தேன். வங்கியிலிருந்து சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தபோது அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடை பார்க்கிற மாதிரி பார்த்தது. "இனிமே நான் எங்க தம்பி போடப் போறேன், பாப்பாவுக்கு வச்சிரு" என்றது. அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். காரியம் முடிந்து நாலு நாள் கழித்து, வாசலில் புளி உடைத்துக்கொண்டு இருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமல், "அப்பா படம் ஒன்னாவது பெருசா வச்சிருக்கலாம்ல. ரோட்ல போறவங்க பாத்திருப்பாங்க" என்றது. நான் என்ன சொல்லட்டும்? பிளக்ஸ் என்று சொன்னவுடன் எனக்குக் கட்சிக்காரன் கைகூப்பி நிற்பதுதான் ஞாபகம் வருகிறது, அம்மாவுக்கு அப்பா முகத்தை நாலு பேர் பார்ப்பது ஞாபகம் வருகிறது. என் கொள்கையில் அம்மாவின் ஆசைக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கியிருந்தேன்? ஒன்றும் ஒதுக்கவில்லை. ஊர் கேட்டதை மறுக்கிற வேகத்தில் வீட்டில் ஒரு ஆள் கேட்காமல் இருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இதை மாமாவோ, மாமா பையனோ சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். அவர்களுக்குப் பொரியல்தான் கண்ணில் பட்டது.

கையில் மிச்சம் 9,000 இருந்தது. அப்பாவின் ரேஷன் கார்டுப் படம் வேண்டாம் என்று, அக்கா மகன் கல்யாணத்தில் எடுத்த ஒன்றைத் தேடிக் கொடுத்திருக்கிறேன், சிரிக்கிற படம், பின்னால் யாரோ ஒருவரின் தோள் தெரிகிறது, அதை எடுத்துவிடலாம் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். 16க்கு 20 அளவு, சட்டத்தோடு 1,800. வியாழக்கிழமை தருகிறார்கள். திண்ணையில் ரோட்டைப் பார்த்த சுவரில் மாட்டுவதாக இருக்கிறோம்.

மாமா, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அன்றைக்கு நீங்கள் எழுதிய மொய் 501 ரூபாய் நோட்டில் இருக்கிறது. சித்திரையில் பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறீர்கள், மண்டபம்கூடப் பிடித்துவிட்டதாகக் கேள்வி. 501 கட்டாயம் வரும். நானும் வருவேன், போனை வீட்டில் வைத்துவிட்டு.