கோடானின் மூன்றாவது எழுத்தும் ஒரு வாட்ஸ்அப் வீடியோவும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் டியூஷன் பிள்ளைகளின் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ சுற்றியது. “உங்கள் செல்லுக்குள் இரண்டு அகராதிகள் இருக்கின்றன. ஒன்றைப் புரட்டினால் செல் பெருகும், மற்றதைப் புரட்டினால் அடங்கும், இதுதான் கோடான் ரகசியம்” என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். வீடியோ முழுப் பொய் இல்லை. அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்துவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பேன்.

கோடான் என்பது மரபணுவில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். மரபணுவின் எழுத்துகள் ஏ, ஜி, சி, டி. ரைபோசோம் படிக்கும் அதன் நகலான எம்ஆர்என்ஏயில் டி-க்குப் பதில் யு வரும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலூட்டிகளில் கோடான் தேர்வு மரபணுவின் வேலையைப் பாதிக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அடுக்கிப் பார்த்தேன், ஒரு ஒழுங்கு தெரிந்தது என்பதை மட்டும் வைத்து, செல் அவற்றையெல்லாம் கோடானால் கட்டி மேய்க்கிறது என்று சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். புரதத்தின் வரிசையை அப்படியே விட்டு, கோடானை மட்டும் மாற்றிப் பார்த்தவர் சொன்னால் கேட்பேன்.

பாடத்தில் உள்ளதுதான்: மொத்தம் 64 கோடான்கள், நிறுத்தக் குறிகள் 3 போக மீதி 61. அமினோ அமிலங்களோ 20. மெத்தியோனினுக்கும் டிரிப்டோபேனுக்கும் ஒவ்வொன்று. லியூசின், செரின், ஆர்ஜினினுக்கு ஆறாறு. யு எழுத்தை மட்டுமே கொண்ட ஆர்என்ஏ ஃபினைல்அலனின் சங்கிலியைத் தருகிறது என்று 1961-இல் நைரன்பெர்க்கும் மத்தேயியும் காட்டியதில் தொடங்கி, ஹர் கோவிந்த் கொரானா உள்ளிட்ட பலரின் உழைப்பால் 1966 வாக்கில் அட்டவணை முழுமையானது. பெரும்பாலான இடங்களில் மூன்றாவது எழுத்து மாறினாலும் அமினோ அமிலம் மாறாது. “பாதிப்பு இல்லை” என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைத்துவிடும்.

ஆனால் எங்கள் ஊரிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலந்தாவளம் வழியாகவும் போகலாம், பாலக்காடு போய் வாளையார் வழியாகவும் போகலாம். சேரும் ஊர் ஒன்றுதான். எந்த வழியில் எத்தனை பஸ் ஓடுகிறது என்பதைப் பொறுத்து நாம் நிற்கும் நேரம் மாறும். புரதத்தைக் கோக்கும் பொறியான ரைபோசோம் ஒரு கோடான் மேல் வந்து நிற்கும்போதும், அதற்குரிய அமினோ அமிலத்தைத் தூக்கிவரும் டிஆர்என்ஏ செல்லில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் காத்திருப்பு. ஈ.கோலை பாக்டீரியாவில் இதை ஜப்பானியர் இகெமுரா 1981-இலேயே காட்டிவிட்டார்: எந்த டிஆர்என்ஏ அதிகமோ அதற்குரிய கோடானைத்தான் அதிகம் உற்பத்தியாகும் புரதங்களின் மரபணுக்கள் விரும்பிப் பயன்படுத்துகின்றன. ஈஸ்ட்டிலும் அப்படியே. அங்கெல்லாம் சண்டை இல்லை.

சண்டை நம்மைப் போன்ற பாலூட்டிகளைப் பற்றித்தான். 2014-இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் பில்பெல் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெருகும் செல்களில் ஒரு வகை டிஆர்என்ஏக்கள் கூடுகின்றன, முதிர்ந்து ஒரு வேலைக்கென்று நிலைத்துவிட்ட செல்களில் வேறொரு வகை கூடுகிறது என்றார்கள். செல் பிரிவுக்கான மரபணுக்களில் ஏ அல்லது யு எழுத்தில் முடியும் கோடான்கள் தூக்கல். உடல் வளர்ச்சி, செல்கள் ஒட்டி நிற்பது போன்றவற்றுக்கான மரபணுக்களில் ஜி அல்லது சி எழுத்தில் முடிபவை தூக்கல். வீடியோக்காரரின் “இரண்டு அகராதி” இங்கிருந்துதான் வருகிறது. அழகான யோசனை என்பதை மறுக்கவில்லை. படித்தவுடன் நம்பத்தான் தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், நம் குரோமோசோம்களில் ஜியும் சியும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சில நீண்ட பகுதிகளில் அவை மிகுதி, சிலவற்றில் குறைவு. மரபியல் ஆய்வாளர் பெர்னார்டி பல காலமாகச் சொல்லிவந்த விஷயம் இது. ஜி, சி மிகுந்த பகுதியில் உட்கார்ந்திருக்கும் மரபணுவில் கோடானின் மூன்றாவது எழுத்தும் பெரும்பாலும் ஜி அல்லது சியாகத்தான் இருக்கும். மரபணுவின் நடுவே இருந்தும் புரதமாகவே மாறாத துண்டான இன்ட்ரானிலும் அதே சாயல் தெரியும். இன்ட்ரானை ரைபோசோம் படிப்பதே இல்லை, அப்புறம் அங்கே டிஆர்என்ஏக்கு என்ன வேலை? தாய் தந்தை குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது, பொருந்தாத எழுத்துகளைச் சரிசெய்யும் ஏற்பாடு ஜி, சி பக்கமே கொஞ்சம் சாய்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சாய்வு சேர்ந்து சேர்ந்து இப்படி ஆகிறது. 2017-இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள். விந்தணு, கருமுட்டை உருவாகும் கட்டத்தில் வேலை செய்யும் மரபணுக்களில் இந்தத் துண்டு மாற்றம் குறைவு. பெருகும் செல்களுக்கான மரபணுக்கள் பல அந்தக் கட்டத்திலும் வேலை செய்பவை. அதனால்தான் அவற்றில் ஜி, சி குறைவு என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு குழு பாலூட்டிகளின் பலவகைச் செல்களில் டிஆர்என்ஏ அளவையும் கோடான் தேவையையும் ஒப்பிட்டு, செல்லின் நிலை மாறினாலும் இந்தப் பொருத்தம் பெரிதாக மாறவில்லை என்று சொல்லியிருந்தது.

அப்படியானால் கோடான் ஒன்றுமில்லையா என்று கேட்டால், அதுவும் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் கேராஸ் (KRAS) மரபணு. புற்றுநோயில் அடிக்கடி அடிபடும் பெயர். கேராஸும் எச்ராஸும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த புரதங்கள். ஆனால் கேராஸ் மரபணு அரிதான கோடான்களால் நிறைந்தது, அதனால் புரதம் குறைவாகவே உருவாகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அந்தக் கோடான்களை மட்டும் பரவலானவையாக மாற்றினார்கள், புரதம் கூடியது. அப்புறம் எலியின் மரபணுவிலேயே ஒரு பகுதியை இப்படி மாற்றி, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்தபோது கட்டிகள் கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்தன! கேராஸ் அளவுக்கு மீறினால் செல்லே தாங்காது போலும். “நல்ல கோடான்”, “கெட்ட கோடான்” என்று வீடியோவில் பிரித்துப் பேசியதைக் கேட்டபோது எனக்கு இந்த எலிகள்தான் நினைவுக்கு வந்தன.

பல மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது பற்றிய நல்ல சான்றுகளும் இப்படிக் கை வைத்துப் பார்த்தவர்களிடமிருந்தே வருகின்றன. வைரஸ் வந்தால் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் தூண்டிவிடும் ஷ்லாஃபன் 11 என்ற புரதம், எச்ஐவி தன் புரதங்களைச் செய்துகொள்வதைத் தடுக்கிறது என்று 2012-இல் தெரிந்தது. வைரஸின் மரபணுக்களில் ஏ எழுத்து மிகுதி, மனிதச் செல் வழக்கமாக விரும்பாத கோடான்கள். கோடான்களை மாற்றி எழுதினால் அந்தத் தடை பலிப்பதில்லை. 2021-இல் டிஆர்என்ஏக்கள் மேல் ரசாயன முத்திரை குத்தும் மெட்டில்1 என்ற நொதி பற்றிய ஆய்வு வந்தது. சில புற்றுநோய்களில் அது மிகையாகும்போது ஆர்ஜினினுக்கான ஒரு டிஆர்என்ஏ கூடுகிறது. ஏஜிஏ கோடான் நிறைந்த, செல் பிரிவைத் தூண்டும் மரபணுக்களின் புரத உற்பத்தி சேர்ந்தாற்போல் ஏறுகிறது. வீடியோக்காரர் தன் கதைக்கு இதைக் காட்டியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

இன்னொன்றையும் அவர் தொடவில்லை. கோடானால் வரும் மாற்றம் எல்லாமே ரைபோசோமின் வேகத்தால் வருவதல்ல. 2006-இல் பாலூட்டிச் செல்களில் ஒரே புரதத்துக்கான மரபணுவை ஜி, சி மிகுந்ததாகவும் குறைந்ததாகவும் எழுதிப் பார்த்தார்கள். மிகுந்தது பல மடங்கு அதிகம் புரதம் தந்தது. காரணம் எம்ஆர்என்ஏயின் அளவே கூடியதுதான். எம்ஆர்என்ஏ எவ்வளவு நேரம் சிதையாமல் தாக்குப்பிடிக்கும் என்பதையும் கோடான்கள் பாதிக்கின்றன என்று 2015-இல் ஈஸ்ட்டிலும் 2019-இல் மனிதச் செல்களிலும் தெரிந்தது.

இதெல்லாம் ஆய்வகச் சமாச்சாரம், நமக்கென்ன என்பவர்களுக்கு ஒன்று. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனின் மரபணு அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். பையனுக்குக் காயம் பட்டால் ரத்தம் நிற்கத் தாமதமாகிறது. அறிக்கையில் ஓர் அமினோ அமிலத்தின் பெயர், எண், அதை ஒட்டி ஒரு சமக்குறி. “மாஷே (வாத்தியாரே), சமம்னு போட்டிருக்கே, அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?” என்றார். அமினோ அமிலம் மாறவில்லை, அதை மட்டும்தான் அந்தக் குறி சொல்கிறது, மீதியை மரபியல் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். ரத்தம் உறைவதற்கான காரணி 9 மரபணுவில் ஜிடிஜி என்பது ஜிடிஏ ஆனாலும் அமினோ அமிலம் வேலின்தான். ஆனால் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு லேசான ஹீமோபிலியா வருவதும், புரதம் உருவாகும் வேகமும் வடிவமும் மாறுவதும் 2017 ஆய்வில் வந்தது. அதற்காக எல்லாச் சமக்குறியையும் கண்டு பதற வேண்டாம், மிகப் பெரும்பாலானவை தொல்லை தராதவைதான். அதோடு, சிறுவயதிலேயே முதுமை தட்டும் புரோஜீரியாவில் கிளைசின் கிளைசினாகவே இருந்தும் நோய் வருகிறதே என்று இதனோடு சேர்த்துப் பேசாதீர்கள். அங்கே எம்ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் இடம் தவறிப்போய்ப் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் காணாமல் போகின்றன, டிஆர்என்ஏக்கு அதில் பங்கில்லை. நம் மாவட்டத்து அட்டப்பாடியில் காணும் அரிவாள் செல் நோய் இன்னும் வேறு: ஜிஏஜி ஜிடிஜி ஆகி, அமினோ அமிலமே மாறிவிடுகிறது.

கோடானை மாற்றுவது ஏதோ வரப்போகும் வித்தை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு: கோவிஷீல்டு ஊசியில் இருந்த, கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவே மனிதச் செல்லுக்கு ஏற்றபடி கோடான் மாற்றி எழுதியதுதான். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைத் தோளில் வாங்கிக்கொண்டவர்கள்.

கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்கள் தாராளமாக வரலாம். வரும்போது அடுக்கிப் பார்த்த வரைபடம் வேண்டாம், கோடானை மாற்றிப் பார்த்த ஒரு சோதனையாவது கையில் இருக்கட்டும்.